பால் மறக்கடிக்கப் போறீங்களா? புள்ளய மட்டும் யோசிக்காதீங்க, ஒங்க ஒடம்பையும் யோசிங்க

எங்க மலையகத் தேயிலத் தோட்டத்துப் பக்கம் புள்ளைக்குத் தாய்ப்பால் மறக்கடிக்கணும்னு வாயத் தொறந்தா போதும், ஆளுக்கொரு வைத்தியம் வரும். கத்தாழைய தடவு, வேப்பெண்ண பூசு, அடுப்புக்கரிய அப்பிக்கிட்டு பூச்சாண்டி கடிச்சிருச்சின்னு காட்டு, மார்ல பிளாஸ்டர ஒட்டு, ஒண்ணுக்கும் மசியலன்னா புள்ளய தூக்கிட்டுப் போய் அம்மாச்சி வீட்ல விட்ரு, நாலு நாள் அழுதுட்டு தன்னால மறந்துரும். எனக்கும் எல்லாரும் இதத்தான் சொன்னாங்க, நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா பாருங்க, அம்புட்டும் புள்ள எப்படி மறக்கும்ங்கிறதப் பத்தினது. குடிக்க ஆள் இல்லன்னா மார்ல ஊர்ற பால் எங்க போகும், அந்தப் பொம்பளைக்கு என்னாகும்னு ஒருத்தர் வாயிலருந்தும் ஒரு வார்த்த வரல. போன வருசம் அத நான் பட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டேன், காசும் போச்சி, லீவும் போச்சி, ஒரு மாசத்துக்கு மேல மனுசியா நடமாடல. அதனால கொஞ்சம் நீளமா, வெக்கப்படாம எழுதுறேன். ஆம்பளைங்களும் வாசிங்க, ஒங்க வீட்லயும் நடக்கிறதுதான்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துல டீச்சர். வீடு டிக்கோயா பக்கம், காலைல இருட்டோட கெளம்பி ஹட்டன் போய் பஸ் மாறிப் போகணும். வீட்டுக்காரர் கொழும்புல புறக்கோட்டைல ஒரு கடையில இருக்காரு, மாசத்துக்கு ஒரு தடவ வந்தா பெரிய விசயம். வீட்ல மாமியும் நாத்தனாரும்தான். எங்கள மாதிரி அரசாங்க டீச்சர்மாருக்கு முழுச் சம்பளத்தோட 84 வேலை நாள் பிரசவ லீவு, அதுக்குப் பிறகு வேணும்னா அரைச் சம்பளத்துல 84 நாள், அதுக்கும் மேலன்னா சம்பளமில்லாத லீவு. நான் அரைச் சம்பள லீவையும் எடுத்துட்டுத்தான் திரும்ப வேலைக்குப் போனேன், அப்பதான் மக கூழ், சோறுன்னு தின்னப் பழகிக்கிட்டிருந்தா. பகல்ல மாமி பாத்துக்குவாங்க, நான் வந்த ஒடனே மார்தான், ராத்திரியெல்லாம் மார்தான். நான் வீட்ல இல்லாத நேரத்துக்கெல்லாம் சேத்து வச்சி ராத்திரில வசூல் பண்ணுவா. வேலைக்குப் போற அம்மாமாரோட புள்ளைங்க நெறய பேர் இப்படித்தான், பகல்ல கொறச்சி ராத்திரில குடிக்கும்னு பிறகுதான் மிட்வைஃப் மிஸ் சொன்னாங்க. அப்ப எனக்கு அது தெரியாது, இவ மட்டுந்தான் இப்படின்னு நெனச்சி, தூக்கமே இல்லாம கிளாஸ்ல கரும்பலகையப் பாத்துக்கிட்டே கண்ணு சொருகும்.

ஒண்ணரை வயசு ஊசிக்கு கிளினிக் போனப்பதான் பிரச்சின ஆரம்பிச்சிச்சி. தராசுல போட்டுப் பாத்தா போன தடவை இருந்த அதே நிறை. புள்ளயோட நிறையக் குறிக்கிற ரோஸ் கலர் கார்ட்ல அந்தக் கோடு நேரா படுத்துக்கிட்டு, நிறை காணாதுங்கிற ஆரஞ்சு பக்கம் சாயப் பாக்குது. எங்க மிட்வைஃப் மிஸ் சிங்களம், ஆனா தமிழ் நல்லா பேசுவாங்க. "டீச்சர், பால நிப்பாட்ட வேணாம், சாப்பாட்ட கூட்டுங்க, மொதல்ல சோறு அதுக்குப் பிறகு பால்"ன்னு தெளிவாத்தான் சொன்னாங்க, கிளினிக்ல குடுக்கிற சத்துமா திரிபோஷாவும் எழுதிக் குடுத்தாங்க. மொத ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், அதுக்குப் பிறகு சாப்பாட்டோட சேத்து ரெண்டு வயசும் அதுக்கு மேலயும் குடுக்கலாம்னு உலக சுகாதார ஸ்தாபனமும் சொல்லுது, நம்ம சுகாதார அமைச்சும் அதத்தான் சொல்லுது, கிளினிக் சுவர்ல போஸ்டரே ஒட்டியிருக்கு. ஆனா வீட்டுக்கு வந்தா மாமி வேற கணக்கு வச்சிருக்காங்க. "மார்ல தொங்குற புள்ள எப்படி சோறு திங்கும், அத நிப்பாட்டு, தன்னால பசிக்கும்." மாமி சொன்னதுல ஒண்ணுமே இல்லன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க குடிச்சா காலைல பசிக்காதுதான், அது உண்மை. ஆனா அதுக்கு மருந்து ராத்திரிப் பால கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கிறது, ஒரே நாள்ல கதவ சாத்துறது இல்ல. இந்த வித்தியாசத்த யாரும் எனக்கு பிரிச்சி சொல்லல.

இங்க நாத்தனார் கதையும் கொஞ்சம் சொல்லணும், தோட்டத்துல வேல செய்ற அம்மாமாருக்கு உபயோகப்படும். அவங்க கொழுந்து எடுக்கிறாங்க. அவங்க மகனுக்கு பத்து மாசத்துலயே பால் நின்னு போச்சி, யாரும் நிப்பாட்டல, அதுவா நின்னுச்சி. ஏன்னா மல மேல இருக்கிற கொழுந்து மலைக்கு ஏறிட்டா, வேல நேரத்துல புள்ளைங்கள பாத்துக்கிற புள்ளைக்காம்பராவுக்கு எறங்கி வந்து குடுத்துட்டுத் திரும்ப ஏறினா கொழுந்து கொறஞ்சிரும், நிறுக்கிறப்ப கிலோ காணாது, ஒரு நாள் சம்பளம் அரை நாள் சம்பளமாயிரும்னு பயம். பால் குடுக்கக் குடுக்கத்தான் ஊரும், எடுக்காம விட்டா ஒடம்பு வேணாம்போலன்னு கொறச்சிரும். ஆனா சட்டத்துல, புள்ளைக்கு 1 வயசாகுற வரைக்கும் பால் குடுக்கிற அம்மாவுக்கு வேல நேரத்துல ரெண்டு தடவை இடைவேளை குடுக்கணும்னு இருக்கு, புள்ளைக்காம்பரா இருக்கிற எடத்துல தடவைக்கு 30 நிமிசம், இல்லாத எடத்துல 1 மணித்தியாலம். சலுகை இல்ல இது, உரிமை. எங்க நாத்தனாருக்கு இது தெரியவே தெரியாது, நான் சொன்னப்ப "அப்பிடியா, யாரு குடுத்தா"ன்னு சிரிச்சாங்க. கைப்புள்ள வச்சிருக்கிறவங்க தொழிற்சங்கத் தலைவர்கிட்ட சொல்லியாவது கேளுங்க.

சரி என் கதைக்கு வாறேன். டிசம்பர் ஸ்கூல் லீவு விட்டாச்சி. மாமியும் எங்க அம்மாவும் போன்ல பேசி முடிவெடுத்தாங்க, புள்ள அம்மா வீட்ல பண்டாரவளைல இருக்கட்டும், நான் இங்க, லீவு முடியிறதுக்குள்ள மறந்துரும். எனக்கும் அப்ப ஒரு முழு ராத்திரி தூங்கினா போதும்னு இருந்திச்சி. அம்மா வந்து ரயில்ல கூட்டிட்டுப் போனாங்க, மக ஜன்னல்ல டாட்டா காட்டிட்டுத்தான் போனா. அன்னைக்கு ராத்திரி நிசமாவே செத்த பொணம் மாதிரி தூங்கினேன். விடியக்காலம் முழிச்சா சட்ட, போர்வ, பாய் எல்லாம் நனஞ்சி கெடக்கு, கைய ஒடம்போட ஒட்டி வைக்க முடியல, கக்கத்துல நெறி கட்டியிருக்கு. மார் ரெண்டும் கருங்கல்லு. தொட்டா சுடுது. பக்கத்து வீட்டுக் காம்பராவுல கைப்புள்ள ஒண்ணு சிணுங்கிச்சி, அவ்ளோதான், தானா பால் சொட்ட ஆரம்பிச்சிருச்சி, எனக்கு அழுகையா கோவமான்னு தெரியல.

மாமி பழைய நூல் சேலைய கிழிச்சி இறுக்கிக் கட்டு போட்டு விட்டாங்க, அவங்க காலத்துல அதான். பால பீச்சாத, பீச்சினா திரும்ப ஊரும்னு சொன்னாங்க. அதனால ஒரு சொட்டு கூட எடுக்கல. மறுநாள் சாயங்காலம் குளிர ஆரம்பிச்சிச்சி, எங்க ஊரு டிசம்பர் குளிர்தானேன்னு ரெண்டு கம்பளி போத்தினேன், பல்லு கிட்டிச்சி, ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்ட மாதிரி. தடிமக் காய்ச்சல்னு நெனச்சி கொத்தமல்லி அவிச்சிக் குடுத்தாங்க, பனடோல் போட்டேன். கட்ட அவுத்துப் பாத்தப்பதான் வலது பக்கம் காம்புக்கு மேல முக்கோணமா, சிவப்பா, பளபளன்னு ஒரு எடம். நாத்தனார் தேங்காண்ணைய சூடாக்கி கட்டி கரையட்டும்னு நல்லா அழுத்தித் தேச்சி விட்டாங்க. அந்த வலிய நான் பிரசவத்துல கூட பாக்கல. அப்பிடி அழுத்தித் தேய்க்கவே கூடாதாம், உள்ளுக்குள்ள இன்னும் வீங்கும், புண்ணாகும். பால் கட்டின அன்னைக்கே வலி கொறையிற அளவுக்கு மட்டும் கையால மெதுவா பீச்சி விட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. முழுசா காலி பண்ணத் தேவையில்ல, காலி பண்ணினா ஒடம்பு இன்னும் கேக்குதுன்னு நெனச்சி ஊரும். கொஞ்சமா எடுத்து, மார் எளகினதும் விட்ரணும். மாமி சொன்னதுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கிற அந்த சின்ன விசயம்தான் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியது.

அதுக்குப் பிறகு நடந்தது முழுக்க காசுக் கணக்கு. டவுன்ல ஒரு பார்மசில போய் சொன்னதும் பால் வத்துற மாத்திரைன்னு எடுத்துக் குடுத்தாங்க, டாக்டர் எழுதின துண்டும் கேக்கல, பிரஷர் இருக்கான்னும் கேக்கல. போட்ட ஒரு மணித்தியாலத்துல தல சுத்தி, வாந்தியா எடுத்து, தண்ணி புடிக்கிற பீலிக்கரைல விழுந்துட்டேன், மண்ட ஒடையாதது தெய்வாதீனம். அந்த மாதிரி மாத்திரைல சிலது பிரஷர் உள்ளவங்களுக்கு ரொம்ப ஆபத்தாம், டாக்டர் பாத்து எழுதினா மட்டுந்தான் போடணும். பிறகு பயந்து போய் வேன் புடிச்சி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஃபீஸ், ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மருந்து, வேன்னு எல்லாம் சேத்து 35,000 ரூபாவுக்கு மேல போச்சி. காதுத் தோட அடகு வச்சித்தான் கட்டினேன். அங்க சொன்னது என்னன்னா உள்ள சீழ் புடிச்சிருக்கலாம், கிழிக்கணும், கண்டிக்குப் போங்க. புள்ளைக்கு இனி பால் குடுக்கவே கூடாது, பால் கெட்டுப் போச்சுன்னும் சொன்னாங்க. எனக்கு கை காலே ஓடல. வேன்ல வாற வழியெல்லாம் மாமி ஒண்ணும் பேசல, என் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி மிஸ்ஸுக்கு போன் பண்ணினேன், எனக்கு முன்னாடியே தோணியிருந்தா அந்தக் காசு மிச்சம். அவங்க மொதல்ல திட்டினாங்க, பிறகு விடிஞ்சதும் அரசாங்க ஆதார ஆஸ்பத்திரிக்கு போகச் சொன்னாங்க. அங்க பாத்த டாக்டர் ஸ்கேன வாங்கிப் பாத்துட்டு சீழ் இல்ல, வீக்கமும் கிருமியும்தான், கிழிக்கத் தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. ஆன்ட்டிபயோட்டிக் எழுதிக் குடுத்து, முழுசா போட்டு முடிக்கணும், ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கலன்னா, இல்ல கட்டி மெத்துன்னு தண்ணி நெறஞ்ச மாதிரி ஆச்சின்னா ஒடனே வரணும்னாங்க. ஒரு சதம் செலவில்ல. புள்ள எங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். "போய் கூட்டிட்டு வாங்க, குடிக்கட்டும், அவதான் ஒங்களுக்கு மருந்து"ன்னாங்க. மார்ல இந்த மாதிரி வீக்கம் இருந்தாலும் அந்தப் பால புள்ள குடிக்கலாமாம், கெட்டுப் போறதும் இல்ல, விசமும் இல்ல, அவங்க குடுத்த மருந்தும் பால் குடுக்கிறவங்களுக்கு குடுக்கிற மருந்துதான். காய்ச்சல் வந்த அன்னைக்கே இந்தக் கதவத் தட்டியிருக்கணும். ராத்திரில ரொம்ப முடியாம போனா 1990க்கு அடிங்க, ஆம்புலன்ஸ் இலவசமா வரும், எங்க பக்கம் ரோட்டு வரைக்குமாவது தூக்கிட்டு வந்துட்டா போதும்.

அங்க பண்டாரவளைல மக என்ன ஆனான்னா, மொத ரெண்டு நாள் தொண்ட கட்டுற அளவுக்கு அழுதிருக்கா. அம்மா பாவம், போத்தல்ல பால்மாவ சீனி போட்டுக் கரைச்சிக் குடுத்திருக்காங்க, பிஸ்கட்ட சாயத்தண்ணில நனைச்சிக் குடுத்திருக்காங்க. சோறு திம்பான்னு நெனச்சவங்க எல்லாம் ஏமாந்து போனாங்க, இருந்த கொஞ்சத்தையும் விட்டுட்டா. அதோட வயித்தால போக ஆரம்பிச்சிச்சி. இவர்தான் கொழும்புலருந்து நேரா போய் கூட்டிட்டு வந்தாரு. வந்தவ என்னப் பாத்துட்டு அப்பா தோள்ல மொகத்த திருப்பிக்கிட்டா. கூப்பிட்டேன், வரல. கோவிச்சிக்கிற வயசா அது? நான் வாசல் இஸ்தோப்புல ஒக்காந்துட்டேன், அவ எறங்கி வந்து மாமி சேலைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தா, பிறகு மெதுவா வந்து என் ஜேர்சி நுனியப் புடிச்சி மோந்து பாத்தா. புள்ளய பிரிச்சி வச்சா மறந்துரும்னு சொல்றவங்ககிட்ட நான் இதத்தான் சொல்லுவேன், அவ பால மறக்கல, என்னத்தான் நம்பாம போனா. அதுக்குப் பிறகு ஒரு மாசம் போல நான் பாத்ரூம் போனாக் கூட கதவுல நின்னு அழுதா. பால நிப்பாட்டுற அதே நேரத்துல அம்மாவையும் காணாம ஆக்கினா ரெண்டு இழப்பு ஒண்ணா விழுது அந்தப் புள்ளைக்கு.

திரும்ப குடுத்ததுல ஒரு வாரத்துக்குள்ள வீக்கம் வத்திருச்சி. வலிக்கு குளிர்ந்த துணி வச்சேன், எங்க ஊர்ல ஐஸ் தேட வேணாம், காலைல பீலித் தண்ணில முக்கினாலே போதும். கோவா எலையும் (முட்டைக்கோஸ்) வச்சேன், நுவரெலியாப் பக்கம் கோவாவுக்கு என்ன பஞ்சம். ஒரு விசயம், நம்ம பக்கம் மரக்கறிக்கு மருந்து அடிக்கிறது தெரியும்தானே, வெளி எலைய எல்லாம் எறிஞ்சிட்டு உள் எலைய நல்லா கழுவி, நடுத்தண்ட நசுக்கி, காம்பு வெளிய இருக்கிற மாதிரி வச்சி, வாடினதும் எடுத்துரணும். அது வேதனைய கொறச்சிச்சி, அவ்ளோதான், மந்திரம் ஒண்ணும் இல்ல. இறுக்கிக் கட்டுறதுக்குப் பதிலா நல்லா தாங்குற, அழுத்தாத பிராவ ராத்திரிலயும் போட்டுக்கிட்டேன்.

அப்புறம்தான் முறையா ஆரம்பிச்சேன், மிஸ் சொல்லிக் குடுத்த வழி. மொதல்ல ஒரு நாள்ல அவ எப்பெப்ப குடிக்கிறான்னு பாத்து, அதுல அவளுக்கு ரொம்ப ஆச இல்லாத ஒரு நேரத்த மட்டும் எடுக்கிறது. எங்களுக்கு அது நான் ஸ்கூல் விட்டு வந்த ஒடனே குடுக்கிற பால். பையக் கூட கழட்டாம அவள தூக்கிட்டு வெளிய போயிருவேன், கோயில் பக்கம், மாட்டுப்பட்டி பக்கம், கையில ஏதாவது திங்க வச்சிக்கிட்டு. பிறகு வீட்டுக்கு வந்து சோறு. ஒரு நேரத்த எடுத்துட்டா குறைஞ்சது ஒரு வாரமாவது அப்படியே விடணும், மார் அதுக்குப் பழகி எளகின பிறகுதான் அடுத்த நேரம். நடுவுல கனமா தெரிஞ்சா கொஞ்சமா பீச்சி விட்ருவேன். அவளுக்கு தடிமன் வந்தப்பயும் கடவாப்பல்லு மொளச்சப்பயும் எதையும் எடுக்கல, இருந்த எடத்துலயே நின்னோம், ஒரு தடவ பின்னாடி கூட போனோம். கேட்டா குடுக்கிறது, கேக்காட்டி நானா மாரக் காட்டுறதில்ல, இது ஒண்ணு மட்டும் ரொம்ப உதவிச்சி. பாதி நேரம் நாமதான் அழுகைய நிப்பாட்ட சுருக்கு வழியா மாரக் குடுக்கிறோம், புள்ள தண்ணி கேட்டிருக்கும், இல்ல சும்மா தூக்கச் சொல்லி அழுதிருக்கும்.

குடுக்கிற எடத்தையும் மாத்தணும். நான் எப்பவும் கட்டில் மூலைல சாஞ்சிக்கிட்டுத்தான் குடுப்பேன், அங்க ஒக்காந்தாலே அவளுக்கு ஞாபகம் வந்துரும், அதனால கட்டிலையே இழுத்து வேற பக்கம் போட்டோம். பட்டன் வச்ச நைட்டிய மூட்டை கட்டிட்டு கழுத்து மூடுன டீசேட்டும் ஜேர்சியும் போட்டுக்கிட்டேன். எங்க பக்கம் இன்னொரு சிக்கல் குளிர். ராத்திரி புள்ள முழிக்கிறது எப்பவும் பசிக்கு இல்ல, போர்வ வெலகி கால் ஜில்லுன்னு ஆயிருக்கும், மாருக்கு வந்தா சூடு கெடைக்கும்னு வருது. காலுறையும் கால் மூடுன உடுப்பும் போட்டு விட்டதுல ஒரு தடவ முழிப்பு தன்னால கொறஞ்சிச்சி.

சாப்பாடுதான் உண்மையான வேல, இத செய்யாம பால மட்டும் நிப்பாட்டினா நிறை இன்னும் எறங்கும். முட்ட, பருப்பு, நெத்தலி வறுத்து இடிச்ச தூள், கீரை, சோத்துல ஒரு கரண்டி தேங்காண்ண இல்ல பட்டர், வட்டில்ல கொஞ்சமா, ஆனா அடிக்கடி. திரிபோஷாவ கூழா காய்ச்சினா துப்பினா, தேங்காப்பூ சேத்து உருண்டையா புடிச்சிக் குடுத்தேன், கையில புடிச்சிக்கிட்டுத் தின்னா. சீசன்ல அவகாடோ கெடைக்கிறப்ப அத மசிச்சிக் குடுக்கிறது மாதிரி லேசு வேற இல்ல. 1 வயசு தாண்டின புள்ளைக்கு காய்ச்சின பசும்பால் குடுக்கலாம், அடுத்த லயத்துல (வரிசை வீடுகள்ல) மாடு வச்சிருக்கிறவங்ககிட்ட வாங்கினேன், பால்மா பைக்கட் விக்கிற வெலைக்கு அது எவ்வளவோ மேல். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு கப், 400, 500 மில்லிக்கு மேல போகக் கூடாதுன்னாங்க, பாலையே குடிச்சி வயித்த ரொப்பினா சோறும் எறங்காது, இரும்புச் சத்தும் கொறஞ்சிரும். போத்தல் வேணாம், கப்ல பழக்குங்க, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சி போத்தல மறக்கடிக்க இன்னொரு போராட்டம். தேத்தண்ணி, சாயத்தண்ணி வேணவே வேணாம், நாம தேயிலைல பொறந்து வளந்தவங்க, கைப்புள்ளைக்கும் ஒரு மடக்கு ஊத்திக் குடுத்துருவோம், ஆனா அது சாப்பாட்டுல இருக்கிற இரும்ப ஒடம்புல சேர விடாது. இத மாமிகிட்ட சொல்லி நிப்பாட்டினதுதான் பால நிப்பாட்டினத விட கஷ்டம். 1 வயசுக்குள்ள நிப்பாட்ட வேண்டிய நெலம வந்தவங்க, கொழும்பு வீட்டு வேலைக்கு, கார்மெண்ட்ஸுக்கு போறவங்க, பசும்பாலுக்கு மாறிறாதீங்க, அந்த வயசுக்கான பால்மாதான் வேணும், தண்ணி கொதிக்க வைக்கிறதுலருந்து அளவு வரைக்கும் மிஸ்கிட்ட கேட்டுத்தான் செய்யணும். பின்னேரம் வந்து குடுக்க முடியும்னா அத மட்டுமாவது விடாதீங்க, எல்லாம் இல்லன்னா ஒண்ணுமே வேணாம்னு ஒரு சட்டமும் இல்ல.

ராத்திரிப் பால கடைசிக்குத்தான் வச்சோம். சித்திர வருசப் பொறப்புக்கு இவர் லீவுல வந்தாரு, நான் மாமியோட காம்பராவுல படுத்தேன், அவரும் மகளும் ஒண்ணா. நான் வீட்லதான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியும், காலைல கண்ண முழிச்சா நான் முன்னுக்கு நிப்பேன், அதுதான் டிசம்பருக்கும் இதுக்கும் வித்தியாசம். மொத ராத்திரி அழுதா, அவர் தூக்கிட்டு நடந்தாரு, தண்ணி குடுத்தாரு, முதுகத் தட்டினாரு, சுவத்துக்கு இந்தப் பக்கம் மாமி என்ன எந்திரிக்க விடல, நான் எந்திரிச்சிருப்பேன். பிறகு பிறகு கொறஞ்சிச்சி. ரெண்டு வயசு நெருங்குற புள்ளைக்கு சொன்னா வெளங்கும், பொய் தேவையில்ல, பூச்சாண்டியும் தேவையில்ல. "பால் தூங்கிருச்சி, விடிஞ்சாத்தான் முழிக்கும்"னு சொல்லி வச்சோம், அவளே ராத்திரி முழிச்சி "பா தூங்கு"ன்னு சொல்லிட்டு அப்பா கழுத்தக் கட்டிக்கிட்டா. அதுக்காக அவர பாராட்டு பாராட்டுன்னு பாராட்டினாங்க லயமே, நான் ஒண்ணரை வருசம் முழிச்சதுக்கு ஒரு நாய் கூட கொலைக்கல. அத விடுங்க. விடியக்காலப் பால் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருந்திச்சி, அது எப்ப நின்னுச்சின்னே எனக்கு சரியா ஞாபகம் இல்ல, அவளா கேக்கிறத விட்டுட்டா. நிறை ஒடனே பாயல, ஆனா கோடு மேல திரும்பிச்சி.

முடிஞ்சப்ப சந்தோசப்படுவேன்னு நெனச்சேன். காரணமே இல்லாம அழுகை வந்திச்சி, பஸ்ல ஒக்காந்து அழுதிருக்கேன், சின்ன விசயத்துக்கெல்லாம் எரிஞ்சி விழுந்தேன். பால் நிக்கிறப்ப ஒடம்புல ஹோர்மோன் எறங்கும், சிலருக்கு மனசு இப்படித்தான் ஆகும், மெதுவா நிப்பாட்டினா கொஞ்சம் கொறவா இருக்கும். ரெண்டு கிழமைல தெளியாம, எதுலயும் மனசு ஒட்டலன்னா வெக்கப்படாம கிளினிக்ல சொல்லுங்க, 1926க்கு அடிச்சாலும் மனநல ஆலோசனை பேசலாம். இன்னொண்ணு, பால் குடுக்கிற வரைக்கும் வயித்துல அடுத்த புள்ள தங்காதுன்னு நம்பிக்கிட்டிருந்தவங்க இப்ப கவனம். ஆறு மாசம் தாண்டினாலோ தீட்டு திரும்ப வந்துட்டாலோ அந்தப் பாதுகாப்ப நம்ப முடியாது, பால் நிப்பாட்டினா சுத்தமா இல்ல. மிஸ்கிட்ட பேசி என்ன கர்ப்பத்தடை பாவிக்கிறதுன்னு முன்னாடியே முடிவெடுங்க.

பால் நின்ன பிறகும் மாசக்கணக்குல பிதுக்கினா ஒரு சொட்டு வரும், அது சாதாரணம், சும்மா பிதுக்கிப் பாக்கிறத விட்ருங்க. மார்ல சின்னச் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்பட்டு நாலஞ்சி நாள்ல கரையும், அதுவும் பயப்பட ஒண்ணுமில்ல. கரையாம ஒரே எடத்துல நிக்கிற கட்டி, இரத்தம் கலந்து வாறது, தோல் உள்வாங்கினது, இதெல்லாம் மட்டும் பால் கட்டினதுதான்னு நீங்களா நெனச்சிக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரில காட்டுங்க. எனக்கு அந்த வலது பக்கத்துல ஒண்ணு ரொம்ப நாள் இருந்திச்சி, காட்டினேன், ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்திச்சி. இந்தத் தடவ வேனும் புடிக்கல, பஸ்லயே போய்ட்டு பஸ்லயே வந்தேன்.